ஆல்கலைன் தண்ணீர் மெஷின் டெமோ, புதுச்சேரி: பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீரைக் காரமாக்கித் தரும் (ஆல்கலைன்) இந்த மெஷின், வடிகட்டும் கருவி என்ற அளவில் பரவாயில்லை. ஆனால் சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி, புற்றுநோய் வரைக்கும் அவர்கள் பட்டியல் போடுகிறார்களே, அதில் ஒன்றுக்குக்கூட ஆதாரம் என்று சொல்லத்தக்க எதையும் அந்த டெமோவில் காட்டவில்லை. விலை ஒன்றே முக்கால் லட்சம். தவணையில் போனால் இன்னும் கூடும்.

டெமோ நடந்தது லாஸ்பேட்டை பக்கம் ஒரு சின்ன ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூரிலிருந்து சித்தப்பாவோடு போயிருந்தேன். சித்தப்பாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மஞ்சக்குப்பத்தில் அவர் தெருவில் இருக்கும் ஒரு அக்கா இந்த மெஷினை வாங்கி, முட்டிவலி குறைந்ததாகச் சொன்னதிலிருந்து அவருக்கு இதே நினைப்பு. கம்பெனி பெயரை எழுதப் போவதில்லை. இதே டெமோவை வேறு வேறு பெயரில் பல பேர் நடத்துகிறார்கள், அதனால் பெயரைவிட அவர்கள் காட்டும் முறை தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

நல்லதைச் சொல்லிவிட வேண்டும். வந்தவர்களை உட்கார வைத்து, டீ, சுண்டல் கொடுத்து, மரியாதையாகப் பேசினார்கள். பேசிய தம்பிக்கு நல்ல குரல், பொறுமையும் இருந்தது. மெஷினின் உள்ளமைப்பைப் பற்றி அவர் சொன்னது சரிதான்: பிளாட்டினம் பூசிய டைட்டானியத் தகடுகள், நடுவில் ஒரு சவ்வு, மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் காரத் தண்ணீரும் மறுபக்கம் அமிலத் தண்ணீரும் பிரிகின்றன. குடிப்பதற்கு 8.5, 9, 9.5 என்று பிஎச் அளவைத் தேர்ந்தெடுக்கலாம் (பிஎச் 7க்குக் கீழே என்றால் அமிலம், மேலே என்றால் காரம்). பாத்திரம் துலக்க 11.5 வரை போகும். இதெல்லாம் உண்மை, மெஷின் சொன்னபடி வேலை செய்தது. அமிலப் பக்கத்துத் தண்ணீர் தனிக் குழாயில் வீணாகப் போகிறது என்பதை மட்டும் நாங்கள் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

அப்புறம் வித்தைகள் ஆரம்பித்தன. குளிர்பானம், கேன் தண்ணீர், மெஷின் தண்ணீர் மூன்றிலும் ஒரு திரவத்தைச் சொட்டு விட்டார்கள். குளிர்பானம் ஆரஞ்சு நிறம், கேன் தண்ணீர் பச்சை, மெஷின் தண்ணீர் கருநீலம். ஹாலே ஆச்சரியப்பட்டது. அடுத்து ஆறின தண்ணீரிலேயே டீத்தூள் பையைப் போட்டு, மெஷின் தண்ணீரில் டீ கருகருவென்று இறங்குவதைக் காட்டினார்கள். கடைசியாக 11.5 தண்ணீரில் எண்ணெயை ஊற்றிக் குலுக்க, எண்ணெய் கலந்து பால் மாதிரி வெள்ளையானது. "பார்த்தீங்களா சார், உடம்புல இருக்கிற கொழுப்பையும் இப்படித்தான் கரைக்கும்" என்றார் தம்பி.

இந்த மூன்றிலும் பொய் கிடையாது. சொட்டு மருந்து பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாறும் சாயம், அவ்வளவுதான். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவப்பாகிறதே, அதே வேதியியல். டீயின் நிறமிகள் காரத்தில் கருப்பாகும். ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டால் உங்கள் வீட்டுத் தண்ணீரிலும் டீ கருக்கும், சத்து ஏதும் கூடுதலாக இறங்கியதாக அர்த்தமில்லை. வலுவான காரம் எண்ணெயை உடைக்கும் என்பதால்தான் சோப்பே செய்ய முடிகிறது. ஆனால் அந்த 11.5 தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அவர்களே சொல்கிறார்கள். குடிக்கக் கூடாத தண்ணீரை பாட்டிலில் குலுக்கிக் காட்டிவிட்டு, குடிக்கிற தண்ணீர் உடம்புக் கொழுப்பைக் கரைக்கும் என்று முடிப்பது எப்படிச் சரியாகும்?

இந்த இடத்தில் எனக்கு உதவிய கேள்வி ஒன்று இருக்கிறது, எந்த டெமோவிலும் கேட்கலாம். இவர்கள் சொல்லும் மருத்துவப் பலன் முழுக்கத் தவறாகவே இருந்தாலும், இந்த டெமோ இதே மாதிரிதான் வந்திருக்குமா? ஆமாம் என்றால், அந்த டெமோ அந்தப் பலனைப் பற்றி நமக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மெஷின் தண்ணீர் யாருடைய சர்க்கரையையும் ஒரு புள்ளிகூடக் குறைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் சொட்டு மருந்து நீலமாகத்தான் மாறும், டீ கருக்கத்தான் செய்யும், எண்ணெய் கலக்கத்தான் செய்யும். அரை நாள் நாங்கள் பார்த்தது எல்லாம் தண்ணீர் காரமாக இருக்கிறது என்பதற்கான சாட்சி. அதை யாரும் மறுக்கவே இல்லையே.

காரமான தண்ணீர் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதுதான் கேட்க வேண்டியது. முதலில் அது இரைப்பைக்குப் போகிறது. வெறும் வயிற்றில் அங்கே பிஎச் 1.5 முதல் 3.5 வரை. பள்ளி வேதியியல் போதும், கணக்குப் போடலாம்: பிஎச் 9.5 என்ற எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் காரத்தன்மை தரும் ஹைட்ராக்சைடு, பிஎச் 2 உள்ள அமிலத்தில் ஏறத்தாழ 3 மில்லிலிட்டரைத்தான் சமன் செய்யும். ஒரு டீஸ்பூன்கூட இல்லை. தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் உப்பு அதைவிட நிறையச் சமன் செய்யும், ஆனால் அது நம் ஊர் போர் தண்ணீரிலேயே தாராளமாக இருக்கிறது, அதற்கு மெஷின் வேண்டாம். ரத்தத்தின் பிஎச் 7.35 முதல் 7.45 வரைக்குள் நிற்கிறது. நுரையீரல் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றும் வேகத்தை மாற்றியும், சிறுநீரகம் பைகார்பனேட்டைக் கூட்டிக் குறைத்தும் அதை அங்கேயே பிடித்து வைக்கின்றன. அந்த எல்லையைத் தாண்டி ரத்தம் காரமானால் அது ஆரோக்கியம் இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நிலை. சிலர் பிஎச் காட்டும் காகிதப் பட்டையைச் சிறுநீரில் நனைத்து "பாருங்க, உடம்பு காரமாயிடுச்சு" என்று காட்டுவார்கள். வேண்டாத காரத்தைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிட்டது என்பதைத்தான் அந்தக் காகிதம் காட்டுகிறது.

பிறகு அனுபவம் சொல்ல நாலைந்து பேர் மேடைக்கு வந்தார்கள். இந்தப் பகுதிதான் சித்தப்பாவை அசைத்தது, அதனால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். ஒரு அண்ணன், மூன்று மாதச் சர்க்கரை அளவு 9க்கு மேல் இருந்ததாகவும் இந்தத் தண்ணீர் குடித்து 7க்கு வந்துவிட்டதாகவும் லேப் ரிப்போர்ட்டையே தூக்கிக் காட்டினார். சித்தப்பா என்னிடம் திரும்பி, "ஏம்பா, இத்தனை பேரும் பொய்யா சொல்லுவாங்க?" என்றார்.

அந்த அண்ணன் பொய் சொன்னதாக நான் நினைக்கவே இல்லை. சர்க்கரை குறைந்தது உண்மையாகவே இருக்கலாம். எதனால் குறைந்தது என்பதுதான் தெரியவில்லை. அதே பேச்சில், மெஷின் வந்த பிறகு குளிர்பானத்தை விட்டுவிட்டேன், கடற்கரைச் சாலையில் தினமும் காலையில் நடக்கிறேன், ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கிறேன் என்றும் அவரே சொன்னார். மாத்திரை மாற்றினார்களா என்று கேட்டபோது, டாக்டர் ஒன்று கூட்டினார் என்றார். சர்க்கரை இறங்க இவற்றில் பலவும் காரணமாக இருக்கலாம். இன்னொன்று, மனிதர்கள் இப்படிப்பட்ட மெஷினைத் தேடிப் போவது அளவு மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான். உச்சத்தில் இருக்கும் அளவு, எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை பெரும்பாலும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். முட்டிவலியும் அப்படித்தான், ஏறும் இறங்கும், ஏறி நிற்கும்போது நாம் எதையாவது வாங்குவோம், இறங்கும்போது வாங்கியதற்கு நன்றி சொல்வோம். குடித்தும் ஒன்றும் ஆகாதவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அதனால் அவர்கள் எத்தனை பேர் என்பது அந்த ஹாலில் யாருக்கும் தெரிய வழியே இல்லை. மேடை ஏறியவர்களில் பலர் அதே மெஷினை விற்றுக் கமிஷன் வாங்குபவர்கள் என்பது கடைசியில்தான் தெரிந்தது. கமிஷன் வாங்குவதால் ஒருவர் சொல்வது பொய்யாகிவிடாது. ஆனால் அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இதை எப்படித்தான் சரியாகச் சோதிப்பது என்று சித்தப்பா கேட்டார், நியாயமான கேள்வி. உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டாம். 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்தக் காலத்தில் டிபி வந்தால் நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு என்று சானடோரியத்தில் வைப்பதுதான் சரி என்று பெரிய டாக்டர்களே நம்பினார்கள். அந்த மையம் இருநூறுக்கும் குறைவான நோயாளிகளை எடுத்து, குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவு சானடோரியத்தில், மறு பிரிவு சென்னையின் நெருக்கடியான வீடுகளிலேயே. இரண்டு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். 1959இல் முடிவு வெளியானது: வீட்டில் இருந்தவர்கள் சாப்பாடு குறைவாகவும் வேலை அதிகமாகவும் இருந்தும், ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க டிபி சிகிச்சை ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு வீட்டுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

யாரை எந்தப் பிரிவில் போடுவது என்பதை டாக்டரின் விருப்பமோ நோயாளியின் வசதியோ முடிவு செய்யவில்லை, குலுக்கல் முடிவு செய்தது. அதனால் இரண்டு பக்கமும் வயது, நோயின் கடுமை, வறுமை எல்லாம் ஏறத்தாழச் சமம். கடைசியில் வித்தியாசம் வந்தாலும் வராவிட்டாலும் அதை நம்பலாம். மேடையில் நின்ற அண்ணனுக்கு இப்படி ஒப்பிட இன்னொரு பிரிவே இல்லை. மெஷின் வாங்காமல், ஆனால் அவரைப் போலவே நடந்து, குளிர்பானத்தை விட்டு, மாத்திரை கூட்டிய ஒருவரின் சர்க்கரை எவ்வளவு குறைந்திருக்கும்? அது தெரியாமல் 9, 7 என்ற இரண்டு எண்களும் மெஷினுக்குச் சாட்சி சொல்லாது.

டெமோவில் கொடுத்த கையேட்டின் பின்பக்கம் ஆய்வுகளின் பட்டியல் இருந்தது. வீட்டுக்கு வந்து முடிந்தவரை தேடிப் படித்தேன், எலிகள், செல்கள், சோதனைக் குழாய்கள், பத்து இருபது பேரை வைத்துச் செய்தவை என்றுதான் பெரும்பாலும். சர்க்கரை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நீண்ட நாள் பார்த்த பெரிய ஆய்வு ஒன்றும் அதில் இல்லை. 2012இல் வந்த ஒரு கட்டுரை, பிஎச் 8.8 உள்ள தண்ணீர் பெப்சின் என்ற செரிமான நொதியைச் செயலிழக்க வைக்கிறது என்கிறது. சுவாரசியமான கண்டுபிடிப்புதான், நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு உதவுமா என்று மேலே ஆராயத் தகுந்தது. ஆனால் அது ஆய்வகத்தில், குழாயில் நடந்தது. கையேட்டில் அது "செரிமானக் கோளாறு குணமாகும் என நிரூபணம்" ஆகிவிட்டது.

நோபல் பரிசு கதை வேறு. ஓட்டோ வார்பர்க் என்ற விஞ்ஞானி புற்றுநோய்க்குக் காரணம் அமிலம் என்று கண்டுபிடித்து நோபல் வாங்கினார் என்று ஒரு ஸ்லைடு. வார்பர்க்குக்கு 1931இல் நோபல் கிடைத்தது உண்மை, அது செல்கள் சுவாசிக்கப் பயன்படுத்தும் நொதியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. புற்றுநோய் செல்கள் ஆக்சிஜன் இருக்கும்போதும் சர்க்கரையை நொதிக்க வைத்து லாக்டிக் அமிலம் உண்டாக்குகின்றன என்பதையும் அவர்தான் கவனித்தார். அதாவது கட்டி அமிலத்தை உண்டாக்குகிறது. அமிலம் கட்டியை உண்டாக்குகிறது என்று அதைத் திருப்பிப் போட்டுவிட்டு, அதன் மேல் மெஷினை ஏற்றி வைத்திருக்கிறார்கள். 2016இல் பிஎம்ஜே ஓபன் என்ற மருத்துவ இதழில் கார நீர், அமில உணவு, புற்றுநோய் மூன்றையும் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கில் தேடியும் தகுதியோடு நின்றது ஒரே ஒரு ஆய்வு, சிறுநீர்ப்பைப் புற்றுநோயைப் பற்றியது. அதிலும் அமில உணவுக்கும் அந்த நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை.

ஜப்பான் அரசே மருத்துவக் கருவியாக அங்கீகரித்திருக்கிறது என்பது அவர்களின் பெரிய அஸ்திரம். இதில் உண்மை இருக்கிறது: ஜப்பானில் இந்த வகைக் கருவிகளுக்கு அனுமதி உண்டு, ஆனால் வயிறு, செரிமானம் சம்பந்தமான உபாதைகளுக்கு. சர்க்கரைக்கோ புற்றுநோய்க்கோ அல்ல. "அங்கீகாரம் இருக்கிறது" என்று யார் சொன்னாலும், எதற்கு என்ற அடுத்த கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்.

நம் ஊர்ப் பிரச்சினை வேறு. கடலூரில் தண்ணீரைப் பற்றிய பயம் வெறும் பயம் இல்லை. சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் நிலத்தடி நீர் கெட்டுப் போனதைப் பற்றி மக்கள் எத்தனை காலமாகப் போராடுகிறார்கள், கடலோரத்தில் உப்பு ஏறுகிறது, கடலூர், புதுச்சேரி இரண்டு ஊரிலும் கேன் தண்ணீர் இல்லாமல் பல வீடுகள் ஓடாது. இந்தப் பயத்தைத்தான் இரண்டு வகை விற்பனையாளர்களும் பயன்படுத்துகிறார்கள். ஆர்ஓ விற்க வருபவர் தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, பழுப்பாகச் சேறு திரள்வதைக் காட்டி "இதைத்தான் குடிக்கிறீங்க" என்பார். அந்தச் சேற்றில் பெரும்பகுதி அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. ஆர்ஓ தண்ணீரில் தாது உப்பு குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் சேறும் வராது. ஆர்ஓக்காரருக்குத் தாது உப்பு அழுக்கு. ஆல்கலைன்காரருக்கோ அதே தாது உப்பு உயிர், அது இல்லாவிட்டால் அவருடைய மெஷினே ஓடாது. ஒரே ஊர்த் தண்ணீரை வைத்து இரண்டு பேரும் கண்ணெதிரே நிரூபித்துவிடுகிறார்கள் என்றால், அந்த நிரூபணங்களின் தரம் என்னவென்று யோசியுங்கள்.

இந்த மெஷினில் இருப்பது கார்பன் ஃபில்டர். குளோரின் வாடையை நன்றாக எடுக்கிறது. உப்பைக் குறைக்காது. உங்கள் போரில் உப்பு அதிகம் என்றால் இது அதற்கான கருவியே இல்லை. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், அது தண்ணீரின் மின்கடத்தலை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டும் கருவி என்பதை நினைவில் வையுங்கள். கிருமியோ பூச்சிமருந்தோ அதற்குத் தெரியாது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீரில் டிடிஎஸ் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை விடலாம். பிஎச் 6.5 முதல் 8.5 வரை. அந்தக் கணக்கில் 9.5 தண்ணீர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அதற்காக அது விஷம் என்று நான் சொல்லவில்லை, அரசு தரத்துக்கு மேலான தண்ணீர் என்று அவர்கள் சொன்னது சரியில்லை என்கிறேன். கடலூரில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் இருக்கிறது. முதலில் உங்கள் தண்ணீரை அங்கே சோதித்துவிட்டு, அதில் என்ன குறையோ அதற்கேற்ற கருவியை வாங்குங்கள்.

சுவையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெஷின் தண்ணீர் இனிக்கிறது என்று அந்த மஞ்சக்குப்பத்து அக்கா சத்தியம் செய்தார். அவர் வீட்டிலேயே சோதித்தோம், ரொனால்ட் ஃபிஷர் என்ற புள்ளியியலாளர் டீக்குச் சொன்ன முறையில். எட்டு டம்ளர், நாலில் மெஷின் தண்ணீர், நாலில் நல்ல கேன் தண்ணீர், ஒரே சூடு, ஒரே நிறம். ஊற்றியவர் அடுத்த அறையில், கொண்டு வந்து வைத்தவருக்கு எது எதுவென்று தெரியாது. குருட்டாம்போக்கில் நாலையும் சரியாகப் பிரிக்க 70இல் ஒரு வாய்ப்புதான் உண்டு, அதனால் பிரித்துவிட்டால் அவர் சொல்வதை நான் நம்பத் தயாராக இருந்தேன். பாதிக்குப் பாதிதான் சரியாக வந்தது. ஒருவரை வைத்துச் செய்த ஒரு சோதனையில் யாருக்குமே வித்தியாசம் தெரியாது என்று முடிவு கட்ட முடியாது, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அக்கா அதன் பிறகு சுவையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் யோசிக்கிறார்.

எதிர்ப் பக்கத்திலும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் நெவாடாவில் ஆல்கலைன் தண்ணீர் குடித்துக் குழந்தைகளுக்குக் கல்லீரல் செயலிழந்தது என்ற செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பார்த்தீர்களா ஆபத்து என்கிறார்கள். 2020இல் அப்படி நடந்தது உண்மை. ஆனால் அது ஒரு கம்பெனி பாட்டிலில் அடைத்து விற்ற தண்ணீர், அதில் ஹைட்ரசீன் என்ற நச்சு கலந்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டு மெஷின் ஆபத்து என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. எனக்குச் சாதகமான செய்தி என்பதற்காக அதை நான் இங்கே பயன்படுத்தினால், மேடையில் அவர்கள் செய்ததையே நானும் செய்கிறேன் என்றுதான் அர்த்தம்.

என்னைக் கோபப்பட வைத்தது ஒன்றுதான். இடைவேளையில் ஒருவர் சித்தப்பாவிடம் வந்து, "ஆறு மாசம் குடிங்க ஐயா, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுடலாம்" என்றார். மேடையில் இதைச் சொல்லவில்லை, தனியாகத்தான் சொன்னார். எழுதித் தருவீர்களா என்று நான் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டார். சர்க்கரை, புற்றுநோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதற்கு 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது, கையேட்டில் "ஆதரவு", "சமநிலை" என்று மழுப்பலாக எழுதியிருப்பதும் வாயில் மட்டும் "குணம்" என்று வருவதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். மாத்திரையை நிறுத்திய பிறகு ஏறும் சர்க்கரை உடனே வெளியே தெரியாது, கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் சத்தமில்லாமல் கெடுக்கும். ஒன்றே முக்கால் லட்சம் போனால் எப்படியோ சம்பாதித்துக்கொள்ளலாம். இந்தப் பேச்சுக்காகவே இந்தச் சேவைக்கு நான் ஐந்துக்கு ஒன்றுதான் தருவேன், அந்த ஒன்றும் வடிகட்டிக்காக.

சித்தப்பா வாங்கவில்லை. உடனே மனம் மாறிவிட்டார் என்று இல்லை, இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை, பிறகு அவரே ஜிப்மரில் தன் டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்து நடைப்பயிற்சியை மட்டும் ஆரம்பித்திருக்கிறார்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். சாதாரண வடிகட்டிய தண்ணீருக்கு ஒரு பட்டன் இருக்கிறது, அதில் வைத்துக் குடியுங்கள், ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள். மாத்திரை போடுவதும் அந்தத் தண்ணீரிலேயே இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் காரத் தண்ணீரைத் தொடர்வதற்கு முன் டாக்டரைக் கேளுங்கள். பில், தவணை ஒப்பந்தம், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய குணமாகும் வாக்குறுதிகள் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பணத்தைத் திரும்பக் கேட்பதாக இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் தமிழிலேயே பேசலாம்.